நீதிபதிகள் வேண்டாம் என்ற பொறுப்பு

புது தில்லி: மக்களவை உறுப்பினரின் வெற்றி செல்லாது என்று அறிவிக்கும் அதிகாரம் உயர் நீதிமன்ற நீதிபதியிடம் இருப்பது இந்திய வாக்காளர்களுக்குப் பழகிப்போன ஒன்று. ஆனால், இத்தகைய ஏற்பாடு 1868-ஆம் ஆண்டு பிரிட்டனில் உருவானபோது அதைக் கடுமையாக எதிர்த்தவர்கள் நீதிபதிகளே.

அதற்கு முன்பு தேர்தல் மனுக்களைக் காமன்ஸ் சபையின் உறுப்பினர் குழுக்களே விசாரித்து வந்தன. சாட்சியத்தைவிட, குழுவில் எந்தக் கட்சிக்குப் பெரும்பான்மை என்பதே தீர்ப்பை நிர்ணயிக்கிறது என்ற புகார் நெடுங்காலம் நீடித்தது. பிரதமர் டிஸ்ரேலியின் அரசு கொண்டுவந்த சட்டம், விசாரணையை நீதிபதிகளிடம் ஒப்படைத்தது. அதுவும் லண்டனில் அமர்ந்து அல்ல. பணம் கைமாறியதாகவும் இலவசமாக மது வழங்கப்பட்டதாகவும் புகார் எழுந்த அதே தொகுதிக்கு நீதிபதி செல்ல வேண்டும்.

தலைமை நீதிபதி அலெக்சாண்டர் காக்பர்ன், சக நீதிபதிகள் அனைவரின் சார்பிலும் ஆட்சேபித்துக் கடிதம் எழுதினார். கட்சிச் சண்டைக்குள் இழுக்கப்பட்டால் நீதிபதியின் நடுநிலை மீதே மக்களுக்கு ஐயம் எழும். மற்ற வழக்குகளிலும் அந்தக் களங்கம் தொடரும் என்பது அவரது அச்சம். நாடாளுமன்றம் செவிசாய்க்கவில்லை. கூடுதல் நீதிபதிகளை நியமிக்க வழி செய்துவிட்டு, சட்டத்தை நிறைவேற்றியது.

அந்த அச்சம் வீண் அல்ல என்பது நான்கே ஆண்டுகளில் தெரிந்தது. அயர்லாந்தின் கால்வே தொகுதியில் 1872 பிப்ரவரியில் நடந்த இடைத்தேர்தலில் கேப்டன் ஜான் பிலிப் நோலன் 2,823 வாக்குகள் பெற்றார். எதிர்த்து நின்ற வில்லியம் டிரெஞ்சுக்குக் கிடைத்தவை வெறும் 658. கத்தோலிக்கப் பாதிரியார்கள் வாக்காளர்களை மிரட்டியதாகத் தேர்தல் மனு தாக்கலானது. ரகசிய வாக்கெடுப்பு இல்லாத காலம் என்பதால் யார் யாருக்கு வாக்களித்தார் என்பது ஊருக்கே தெரியும்.

விசாரித்த நீதிபதி வில்லியம் கியோவும் கத்தோலிக்கரே. வெற்றியை ரத்து செய்ததோடு அவர் நிறுத்தியிருக்கலாம். மதகுருமார்களை வசைமொழியால் சாடினார். பல ஊர்களில் அவரது கொடும்பாவி எரிக்கப்பட்டது. அயர்லாந்து தலைவர் ஐசக் பட் காமன்ஸ் சபையில் அவருக்கு எதிராகக் கொண்டுவந்த தீர்மானம் தோற்றது. இடம் டிரெஞ்சுக்குப் போனது. 1874 பொதுத்தேர்தலில் நோலனே மீண்டும் வென்றார்.

1879-இல் பிரிட்டன் சட்டத்தைத் திருத்தியது. ஒருவருக்குப் பதில் இரு நீதிபதிகள் விசாரிக்க வேண்டும். இருவரும் உடன்பட்டால்தான் உறுப்பினர் பதவி இழப்பார்.

இந்தியா வேறு வழியில் சென்றது. 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் முதலில் தேர்தல் தீர்ப்பாயங்களை அமைத்தது. 1966-ஆம் ஆண்டுத் திருத்தம் அவற்றை நீக்கி, உயர் நீதிமன்றங்களுக்கு அதிகாரம் அளித்தது. வழக்கமாக ஒரே நீதிபதி விசாரிப்பார். தெய்வக் குற்றம் நேரும் என்று வாக்காளரை அச்சுறுத்துவதும் முறைகேடுதான் என்கிறது அச்சட்டத்தின் 123-ஆவது பிரிவு. கால்வே வழக்கை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

1971-இல் ரேபரேலியில் 1,11,810 வாக்கு வித்தியாசத்தில் வென்ற பிரதமர் இந்திரா காந்தியின் தேர்தல் செல்லாது என 1975 ஜூன் 12 அன்று அலாகாபாதில் தீர்ப்பளித்தவரும் ஒரே நீதிபதி, ஜக்மோகன்லால் சின்ஹா.