கருவுள்ள முட்டையும் தொழில் அடைகாப்பகமும்

மாணவர்களே, கோழிமுட்டை பொரிய 21 நாள் ஆகும். அதுவரை ஏறத்தாழ 37.5 பாகை செல்சியஸ் வெப்பம் மாறாமல் கிடைக்க வேண்டும். வெப்பம் கருவை உண்டாக்காது; உள்ளே இருக்கும் கருவை வளரவிடும். பல்கலைக்கழகங்கள் நடத்தும் ‘தொழில் அடைகாப்பகம்’ செய்வதும் அதுதான்.

யோசனை நல்லதாக இருந்தும் புதுத் தொழில் நொடித்துப் போவதுண்டு. ஏன்? சோதித்துப் பார்க்கக் கருவி இருக்காது. வழிகாட்ட ஆள் இருக்காது. விற்பனை தொடங்குமுன் கைப்பணம் கரைந்துவிடும். அடைகாப்பகம் இடம், ஆய்வுக்கூடம், பேராசிரியர்களின் ஆலோசனை, முதலீட்டாளர் அறிமுகம் ஆகியவற்றைத் தருகிறது. பதிலுக்குச் சில அடைகாப்பகங்கள் நிறுவனத்தில் சிறு பங்கு கேட்கும்.

சென்னை ஐஐடியில் அடைகாக்கப்பட்ட அக்னிகுல் நிறுவனம் 2017இல் தொடங்கியது. ராக்கெட் இயந்திரத்தை முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக உருவாக்கியது. பலமுறை தள்ளிப்போன அதன் சோதனை ராக்கெட், 2024 மே 30ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பறந்தது. தனியொருவர் வீட்டுக் கொல்லையில் இதைச் சோதிக்க முடியுமா?

கெடா தோட்டங்களில் வளரும் உங்களுக்குச் செம்பனை தெரியும். ஆலையில் பழம் உதிர்த்தபின் மிஞ்சும் வெறுங்குலையை வேறு எதற்குப் பயன்படுத்தலாம்? தோன்றுவதைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள். கருவில்லாத முட்டையை எத்தனை நாள் சூட்டில் வைத்தாலும் குஞ்சு வராது. சூடு தர இடங்கள் உண்டு. கரு உங்களிடமிருந்து வர வேண்டும்.