வாள் விளையாட்டும் வாட்பயிற்சியும்

ஆடித் திங்களில் சேலத்து அம்மாபேட்டையில் நிகழும் வண்டி வேடிக்கையில், தேவரும் புராண வீரருமாக வேடந் தரித்தோர் அலங்கார வண்டிகளின்மேல் வீற்றிருப்பர். அவர் கையில் வாளிருப்பினும் அவரைப் போர் வல்லாரென எவரும் மயங்கார். கம்பு சுழற்றும் இளைஞனைக் காணுங்கால் மட்டும் நமக்கு அத்தெளிவு இருப்பதில்லை. கம்பு சக்கரம்போற் பறக்கக் கண்டதும் இவன் வீரனென நாம் எண்ணுகிறோம். அவனும் அங்ஙனமே எண்ணிவிடுகிறான். இடர் ஈண்டே தொடங்குகின்றது.

சிலம்பத்தில் அலங்காரச் சிலம்பம் வேறு, போர்ச் சிலம்பம் வேறு. முன்னதில் ஆடுவோன் தனியன். காலமும் தூரமும் அவன் வசத்தன. பின்னதில் அவ்விரண்டையும் எதிரில் நிற்பவனும் தீர்மானிக்கிறான். அதனாலன்றோ ஆசான்மார் கம்பைத் தருமுன் காலடி வைப்பைக் கற்பிக்கின்றனர்! மாணாக்கர்க்கோ அது சலிப்பு. நெற்றியளவு உயர்ந்த கம்பை முதல் நாளே சுழற்ற விழைவர். சுருள்வாளை விரைந்து கேட்போரும் உளர். வளைந்து சுழலும் அவ்வாள் தவறின், முதலில் வெட்டுண்பவன் வீசுவோனே.

அங்ஙனமாயின் விளையாட்டெல்லாம் வெறும் பொழுதுபோக்கோ? அன்று. சென்னையைச் சேர்ந்த பவானி தேவி 2004-ஆம் ஆண்டிற் பள்ளியில் வாள்வீச்சைத் தொடங்கியபோது மூங்கிற் கழிகளைக் கொண்டே பழகினார். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் வாள்வீச்சிற் பங்குகொண்ட முதல் இந்தியர் அவரே. முதற் போட்டியில் 15-க்கு 3 என வென்று, அடுத்ததில் 7-க்கு 15 எனத் தோற்றார். அவர் ஏந்திய சேபர் வாளின் நிறை 500 கிராமுக்கு மேற்படாது, அதற்குக் கூர்மையுமில்லை. முகமூடியுண்டு, விதியுண்டு, நடுவருண்டு. ஆயினும் எதிராளி ஒருபோதும் விட்டுக்கொடுப்பதில்லை. விளையாட்டையும் பயிற்சியையும் பிரிப்பது வாளின் கூர்மையன்று, எதிர்ப்பே என்பது எம் துணிபு.

அம்மாபேட்டையில் நெசவுத் தொழிலுக்குரிய செங்குந்தர் மிகுதி. அம்மரபினரான கைக்கோளர், சோழர் கல்வெட்டுக்களில் ‘தெரிஞ்ச கைக்கோளர்’ எனும் படையினராகக் குறிக்கப்பெறுகின்றனர். தறி பிடித்த கையே படைக்கலமும் பிடித்தது! அவர்தம் பயிற்சி வேடிக்கைக்காக இருந்திராது.

மாலையில் ஒரு நாழிகை கம்பு சுழற்றி வியர்த்து மகிழ்வோரை யாம் குறைகூறோம். அஃது உடலுக்கு நலம். தற்காப்பின்பொருட்டுக் கற்கவரும் மாணவர் மட்டும் ஆசானிடம் வேறொன்று வினவுக: “எத்தனை சுற்று கற்பிப்பீர்?” என்றன்று, “எதிரி முன் என்னை எப்போது நிறுத்துவீர்?” என்று. பயிலும் களத்தில் தலைக்கவசம் உண்டா, அடிபட்டவன் அதனை மறையாது ஒப்புக்கொள்கிறானா என்பவற்றையும் ஒருமுறை நின்று பார்த்துவிட்டுப் பின்னர்ச் சேர்க.