மூவாயிரத்தில் நூறு

வீடு இடிபடப்போகிறது. புது வீட்டில் ஒரே ஒரு அலமாரிக்குத்தான் இடம். எந்த இசைத்தட்டை வைத்துக்கொள்வது, எதை விடுவது? ஒரு கொல்கத்தா ரசிகரின் தர்மசங்கடம்.

தெற்குக் கொல்கத்தாவில் இருக்கும் அந்தப் பழைய மூன்று மாடி வீட்டின் முன்னறையில் சுவரே கண்ணுக்குத் தெரியாது. தரையிலிருந்து உத்தரம் வரை இசைத்தட்டுகள். கட்டிலுக்கு அடியிலும் இசைத்தட்டுகள். சாப்பாட்டு மேஜையின் பாதியையும் அவை பிடித்துக்கொண்டு பல வருடங்கள் ஆகின்றன. மூவாயிரத்துச் சொச்சம் இருக்கும். எண்ணுவதை எப்போதோ விட்டுவிட்டார் அவற்றின் சொந்தக்காரர், எழுபதைத் தாண்டிய ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்.

இப்போது எண்ணித்தான் ஆகவேண்டும். அண்ணன் தம்பிகள் கூடிப் பேசி வீட்டை ஒரு புரமோட்டரிடம் கொடுத்துவிட்டார்கள். இவர் பங்குக்கு வரும் அடுக்குமாடி வீட்டில் இரண்டே படுக்கையறைகள். மனைவி ஒரு அலமாரிக்கு மட்டும் அனுமதி தந்திருக்கிறார். நெருக்கி அடுக்கினால் நூறு தட்டு நிற்கும். பெங்களூரில் இருக்கும் மகனிடம் ரிக்கார்ட் பிளேயர்கூடக் கிடையாது.

ஃப்ரீ ஸ்கூல் ஸ்ட்ரீட்டிலிருந்து பழைய தட்டு வியாபாரி ஒருவர் வந்து பார்த்தார். அரை மணி நேரத்தில் ஆர்.டி. பர்மன் இசையமைத்த படங்களையெல்லாம் உருவி ஒரு பக்கம் வைத்துவிட்டார். 'ஷோலே' படத்தின் வசனத் தட்டு இருக்கிறதா என்று கேட்டார். 1975-ல் அந்தப் படம் சக்கைபோடு போட்டபோது பாட்டோடு சேர்த்து வசனத்தையும் தட்டாகப் போட்டு விற்றார்கள். இன்றைக்கும் அதற்குக் கிராக்கி. கயால், சிதார், சரோத் இருந்த பக்கம் அவர் திரும்பவே இல்லை. 78 வேகத் தட்டுகளை மொத்தமாக எடை போட்டு எடுத்துக்கொள்ளத் தயார் என்றார். அன்று இரவு இவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் காலையே தேர்வு தொடங்கியது. முதல் தட்டுக்கு யோசனையே தேவைப்படவில்லை. அமீர் கான். ஒரு பக்கம் மார்வா, மறு பக்கம் தர்பாரி. எச்.எம்.வி. 1960-ல் வெளியிட்ட எல்.பி. அதற்கு முன்பு ஒரு 78 தட்டின் ஒரு பக்கத்தில் மூன்றரை நிமிடத்துக்கு மேல் இடம் கிடையாது. அமீர் கான் முதல் தாளவட்டத்தை முடிப்பதற்குள்ளேயே அது ஓடி முடிந்துவிடும். ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடம் என்ற வசதி வந்த பிறகுதான் அவருடைய நிதானம் தட்டில் ஏறியது. மார்வா சூரியன் மறையும் நேரத்து ராகம், நம் கமனாச்ரமத்துக்கு உறவு. ஷட்ஜத்தில் வந்து அமராமல் தள்ளிப்போட்டுக்கொண்டே போவதுதான் அதன் சூட்சுமம். கேட்பவர் வாசலிலேயே நிற்பார், வீட்டுக்குள் போக முடியாது. அந்தத் தவிப்பை இவ்வளவு பொறுமையாக வேறு யாரும் நீட்டியதில்லை என்பது இவர் தீர்ப்பு. 1974 பிப்ரவரியில் இதே கொல்கத்தாவில் சாலை விபத்தில் அமீர் கான் இறந்தபோது இவர் கல்லூரியை முடித்திருந்த வேலையில்லாப் பட்டதாரி. பிறகு முதல் சம்பளத்தில் வாங்கியது இந்தத் தட்டைத்தான். மார்வா பக்கம் தேய்ந்துபோய் இதுவரை மூன்று முறை மாற்றியாகிவிட்டது. தர்பாரி பக்கம் புதுசாகவே இருக்கிறது.

கிஷோரி அமோன்கரின் பாகேஸ்ரீ, பூப் தட்டும் உடனே அலமாரிக்குப் போனது. பூப் என்பது நம் மோகனம்தான். ஐந்தே ஸ்வரம். நேற்றுப் பாட்டுக் கற்றுக்கொண்ட குழந்தையும் பாடும் ராகம். அதில் இத்தனை அறைகளும் மாடங்களும் இருப்பது அந்த அம்மையார் பாடிக் காட்டிய பிறகே பலருக்குத் தெரிந்தது. இந்துஸ்தானி புரியவில்லை என்று சொல்லும் தெற்கத்திக்காரர்களுக்கு இவர் முதலில் போட்டுக் காட்டுவது இதைத்தான்.

அடுத்தது கொஞ்சம் கூச்சத்தோடு. 'கால் ஆஃப் தி வேலி', 1967. சந்தூருக்கு சிவகுமார் சர்மா, புல்லாங்குழலுக்கு ஹரிபிரசாத் சௌராசியா, கிடாருக்கு பிரிஜ்பூஷண் காப்ரா. காஷ்மீர் இடையன் ஒருவனின் ஒரு நாள், காலை ராகத்திலிருந்து இரவு ராகம் வரை. உலகமெங்கும் விற்ற தட்டு. அதனாலேயே பண்டிதர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். ஹோட்டல் வரவேற்பறைகளில் போட்டுப் போட்டு அதன் மானத்தை வாங்கிவிட்டார்கள் என்று இவரும் ஒப்புக்கொள்கிறார். ஆனால் காஷ்மீரில் சூஃபி இசையோடு ஒதுங்கிக் கிடந்த சந்தூரையும், சினிமாவுக்குச் சொந்தம் என்று எல்லோரும் நினைத்த கிடாரையும் ராகம் வாசிக்க வைத்தவர்கள் அன்று முப்பது வயதை ஒட்டிய இளைஞர்கள். புதிதாகக் கேட்க வருகிறவர் இங்கிருந்து தொடங்கினால் தப்பில்லை என்கிறார்.

குமார் கந்தர்வாவின் 'திரிவேணி' பற்றிப் பேசும்போது குரல் மாறுகிறது. கபீர், சூர்தாஸ், மீரா பாடல்கள். காசநோயில் ஒரு நுரையீரல் பழுதாகி, மத்தியப் பிரதேசத்தின் தேவாசில் சுமார் ஆறு வருடம் பாடாமல் படுத்திருந்தவர் குமார். படுக்கையில் கிடந்தபடி மால்வா கிராமத்துப் பெண்களும் பிச்சைக்காரர்களும் பாடிக்கொண்டு போனதைக் கேட்டார். எழுந்து பாடியபோது மூச்சு சின்னச் சின்னத் துண்டுகளாகத்தான் வந்தது. அந்தத் துண்டுகளையே பாணியாக்கிக்கொண்டார். இருமலோடு அவதிப்பட்ட தன் தகப்பனார் கடைசி மாதங்களில் கேட்டது இந்தத் தட்டை மட்டும்தான் என்கிறார் இவர்.

விற்பதற்கு ஒதுக்கியதில் விசேஷமான ஒன்று உண்டு. 1955-ல் அமெரிக்காவில் ஏஞ்சல் கம்பெனி வெளியிட்ட அலி அக்பர் கானின் காலை, மாலை ராகங்கள். யெஹுதி மெனுஹின் தன் குரலில் அறிமுகம் சொல்லியிருக்கிறார். மேற்கத்தியர்களுக்கு நம் சாஸ்திரிய இசையை எல்.பி.யில் முதலில் கொண்டுபோனது அதுதான். சரித்திரம் வேறு, கேட்பது வேறு என்று இவர் அதை விடத் துணிந்துவிட்டார். வீடு மாற்றும் லாரிச் செலவாவது தேறட்டுமே. பதிலாக அதே அலி அக்பரின் சந்திரநந்தன் இரண்டு உருவில் இடம் பிடித்திருக்கிறது. நம் ஹிந்தோளமான மால்கௌன்ஸையும் அதன் சொந்தக்கார ராகங்களையும் குழைத்து அவர் உருவாக்கிய ராகம் அது. முதலில் மூன்று நிமிட 78 தட்டாக வந்தது. பிறகு 1960களில் இருபது நிமிடத்துக்கும் மேல் விரித்து ஒரு எல்.பி.யில் வாசித்தார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் விதையும் மரமும் தெரியும்.

பெரிய தலைவலி 78கள்தான். அரக்கில் செய்த தட்டுகள். கீழே விழுந்தால் கண்ணாடி மாதிரி உடையும். 1902 நவம்பரில் லண்டனிலிருந்து வந்த ஃபிரெட் கெய்ஸ்பர்க் ஒரு கல்கத்தா ஹோட்டல் அறையில் கௌஹர் ஜானைப் பாட வைத்துப் பதிவுசெய்ததில் தொடங்கும் கதை. பதிவுகள் ஜெர்மனியின் ஹனோவருக்குப் போய்த்தான் தட்டாகும். யார் பாட்டு என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டுமே. அதனால் பாட்டு முடிந்ததும் தன் பெயரை ஆங்கிலத்தில் கணீரென்று சொல்லிவிடுவார் கௌஹர். 1908-ல் சியால்தாவில் தொழிற்சாலை வந்த பிறகு அதற்கு அவசியம் இல்லாமல் போயிற்று.

இவர் எடுத்துவைத்த 78களில் 34 வயதில் மறைந்த டி.வி. பலுஸ்கர் இருக்கிறார். அப்துல் கரீம் கான் இருக்கிறார். தியாகராஜரின் கரகரப்பிரியா கிருதியை இந்துஸ்தானிக் குரலில் பாடித் தட்டாகக் கொடுத்தவர் கரீம் கான். 1937-ல் சென்னையிலிருந்து பாண்டிச்சேரிக்குப் போகும் வழியில் உடம்புக்கு முடியாமல் சிங்கப்பெருமாள் கோயில் ரயில் நிலையத்தில் இறங்கியவர் அங்கேயே உயிரை விட்டார். அவருடைய தட்டுகளில் சிலவற்றை இவர் துணி சுற்றி வைத்திருக்கிறார். கொல்கத்தா ஈரத்தில் பூஞ்சணம் சீக்கிரம் பிடிக்கும். தட்டுகளைப் படுக்கப்போடக் கூடாது, நிற்க வைக்க வேண்டும். அரக்குத் தட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் தட்டே கரையும். தெரியாமல் துடைத்து ஒன்றைப் பறிகொடுத்த அனுபவம் இவருக்கே உண்டு.

மிச்சமிருப்பவை? யாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் வட இந்திய சாஸ்திரிய இசைக்கு ஓர் ஆவணக் காப்பகம் இருக்கிறது. தனியார் சேகரிப்புகளை டிஜிட்டல் பிரதி எடுக்கிறார்கள். சட்டமும் குறுக்கே நிற்காது. வெளியாகி 60 வருடம் முடிந்தால் ஒலிப்பதிவின் மீது கம்பெனிக்கு உரிமை இல்லை. பாட்டு பிழைத்துக்கொள்ளும் என்று இவருக்கும் தெரியும். ஆனால் பிரதி எடுத்த பிறகு தட்டுகளை யார் வீட்டில் நிறுத்துவது?

இந்தக் களேபரத்தில் மனைவி கேட்டது ஒன்றே ஒன்று. கயால் கேட்கும் பொறுமை அவருக்கு எப்போதும் இருந்ததில்லை. தேபப்ரத பிஸ்வாஸ் பாடிய ரவீந்திர சங்கீதத் தட்டுகள் பன்னிரண்டும் வந்தாக வேண்டும். வாத்தியம் அதிகம், பாடும் விதம் சரியில்லை என்று விஸ்வபாரதியின் இசைக் குழு ஆட்சேபித்ததால் தாகூர் பாடல்களைப் பதிவு செய்வதையே நிறுத்திக்கொண்டவர் பிஸ்வாஸ். 1980-ல் இறந்துபோனார். தாகூர் பாடல்கள் மீதான பதிப்புரிமை தீர்ந்து அந்தக் கெடுபிடி முடிவுக்கு வந்தது 2001 கடைசியில். கல்யாணமான புதிதில் இருவரும் சேர்ந்து வாங்கிய தட்டுகள் அவை.

நூறு என்ற கணக்கு போன வாரமே நிரம்பிவிட்டது. நிகில் பானர்ஜியின் சிதாரை மூன்று முறை வெளியே எடுத்து மூன்று முறையும் திரும்ப உள்ளே வைத்தாயிற்று. இப்போதைக்கு அலமாரியில் 112. மனைவி பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கிறார். உபரியாக இருக்கும் பன்னிரண்டும் அவருடையது அல்லவா.