முதல் ரூபாய் எந்தப் பாகத்திற்கு?

கோடை விடுமுறைக் காலத்தில் நம் கிளைகளுக்கு வரும் பெற்றோர் சிலர் தனிநபர்க் கடன் பற்றி விசாரிக்கும்போது, காரணம் கணினி என்கின்றனர். வீட்டில் ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய கணினி இருக்கிறது. புதிய விளையாட்டுகள் அதில் சரியாக ஓடுவதில்லை. புதிதாக வாங்க 80,000 ரூபாய் வேண்டும் என்கிறார் பிள்ளை. கையிருப்போ 25,000 ரூபாய். விளையாட்டுக்கா இவ்வளவு பணம் என்னும் வாதத்துக்குள் நாம் நுழையப்போவதில்லை. அது அந்தந்தக் குடும்பத்தின் முடிவு. கடன் வாங்காமல், அந்த 25,000 ரூபாய்க்குள் பழைய கணினியை எவ்வளவு தூரம் உயர்த்த முடியும் என்பதை மட்டும் பார்ப்போம்.

வணிகவியல் பாடத்தில் வருவாயினச் செலவையும் முதலினச் செலவையும் பிரித்தறியக் கற்பிப்பார்கள். இங்கும் அப்பிரிவு பயன்படுகிறது. விசிறிகளில் படிந்த தூசியை அகற்றுவதும், செயலியின் மீது காய்ந்துபோன வெப்பக் களிம்பைப் புதிதாகப் பூசுவதும் பராமரிப்புச் செலவுகள். சில நூறு ரூபாயில் முடியும். அளவுக்கு மீறிச் சூடேறும் செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மே மாத வெயிலில், மூடிய மேசை அறைக்குள் வைத்த கணினி திணறுவதற்குப் பல நேரங்களில் இதுவே காரணம். இந்தச் செலவைச் செய்து பார்க்காமல் புதிய பாகம் வாங்குவது, சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விடாமல் புதுச் சைக்கிள் வாங்குவதற்கு ஒப்பாகும்.

அதன் பிறகும் குறை இருந்தால், எந்தப் பாகம் பின்தங்குகிறது என்பதைச் செலவின்றியே அறியலாம். விளையாட்டின் அமைப்புகளில் பிரேம் வரம்பை நீக்கிவிட்டு, திரைத் தெளிவை 1080இலிருந்து 720க்குக் குறைத்துப் பாருங்கள். நொடிக்கு வரும் பிரேம்களின் எண்ணிக்கை கணிசமாக உயர்ந்தால், சுமை தாங்காமல் இருப்பது கிராபிக்ஸ் கார்டு. எண்ணிக்கை ஏறத்தாழ அப்படியே நின்றால், பின்தங்குவது பெரும்பாலும் செயலி. ஆட்டத்தின் நடுவே திக்கித் திக்கி நின்று, டாஸ்க் மேனேஜரில் ராம் பயன்பாடும் முழு அளவைத் தொட்டிருந்தால், ராம் போதவில்லை என்று கொள்ளலாம். விளையாட்டு திறப்பதற்கே சில நிமிடங்கள் ஆனால், பழைய ஹார்டு டிஸ்க்கைத்தான் ஐயுற வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். 2019இல் நடுத்தரக் குடும்பங்கள் பரவலாக வாங்கிய வகை அது: ரைசன் 5 2600 செயலி, பி450 மதர்போர்டு, ஒற்றை 8 ஜி.பி. ராம், ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு, 1 டி.பி. ஹார்டு டிஸ்க், 450 வாட் எஸ்.எம்.பி.எஸ்., நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் 1080 திரை.

இதில் முதலில் சேர்க்க வேண்டியவை ஒரு எஸ்.எஸ்.டி.யும் இன்னொரு 8 ஜி.பி. ராமும் என்பது நம் கருத்து. ராம் இரண்டாகும்போது கொள்ளளவு மட்டுமன்றி, இரு தடங்களில் தரவு செல்வதால் வேகமும் கூடுகிறது. இக்கணினிக்குப் பொருந்துவது டிடிஆர்4 வகை மட்டுமே. டிடிஆர்5 செருகியில் நுழையவே நுழையாது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவையால் 2025இன் பிற்பகுதியில் ராம் விலை உலகெங்கும் ஏறிவிட்டது. ஆகவே, பயன்படுத்திய ராமை ஒரு வாரச் சோதனை உறுதியுடன் வாங்குவதில் தவறில்லை. சுழலும் பாகம் ஏதும் அதில் இல்லாததால் ஆபத்து குறைவு.

பெருந்தொகை போகும் இடம் கிராபிக்ஸ் கார்டு. ஒரு பாகம் மற்றொரு பாகத்தின் செலவை இழுத்துவருவதும் இங்கேதான். ஜிடிஎக்ஸ் 1650 ஏறத்தாழ 75 வாட் மட்டுமே கொள்வது. அதை மதர்போர்டின் செருகியே தந்துவிடும். அதைவிடப் பெரிதும் ஆற்றல் கூடிய ஆர்எக்ஸ் 6600 கொள்வதோ 132 வாட், அதற்கு எஸ்.எம்.பி.எஸ்.இலிருந்து 8 முனைக் கம்பி தனியே வர வேண்டும். நல்ல நிறுவனத்தின் 450 வாட் எஸ்.எம்.பி.எஸ். அதைத் தாங்கும். கேபினட்டுடன் இலவசமாக வந்த, பெயர் தெரியாத எஸ்.எம்.பி.எஸ். மீது 450 என்று ஒட்டியிருப்பதை நம்ப இயலாது. அது பழுதாகும்போது தனியாகப் போகாமல் மதர்போர்டையும் கார்டையும் உடன் அழைத்துச் சென்றுவிடக்கூடும். எனவே கார்டின் விலையைக் கேட்கும்போதே எஸ்.எம்.பி.எஸ். விலையையும் சேர்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள். வீட்டிலுள்ள யு.பி.எஸ்.ஐயும் மறக்க வேண்டாம். 600 வி.ஏ. என்று விற்கப்படுபவை பொதுவாக 360 வாட் அளவே தருபவை.

திரையும் ஓர் எல்லையை வகுக்கிறது. நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் 140 பிரேம்கள் தரும் கார்டைப் பொருத்தினாலும் கண்ணுக்குத் தெரிவது 60தான். அடுத்த படியிலுள்ள விலையுயர்ந்த கார்டை விற்பனையாளர் பரிந்துரைக்கும்போது இக்கணக்கு நினைவில் இருக்கட்டும்.

செயலியைப் பொறுத்தவரை இக்கணினியின் உரிமையாளர் பேறு பெற்றவர். மதர்போர்டை மாற்றாமல், பயாஸைப் புதுப்பித்துவிட்டு, 2022இல் வந்த ரைசன் 5 5600ஐ அதே இடத்தில் பொருத்தலாம். பயாஸ் புதுப்பிக்கும் நடுவே மின்சாரம் போனால் மதர்போர்டே செயலற்றுப் போகலாம் என்பதால், யு.பி.எஸ். துணையுடன் செய்க. அதே காலத்து இன்டெல் கணினிகளில் பத்தாம் தலைமுறைச் செயலிக்கு மாற வேண்டுமானால் மதர்போர்டும் மாற வேண்டும். இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்திய கணினி வைத்திருப்போருக்கு இன்னொரு செய்தி: விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது, அப்பழைய செயலிகளில் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. அத்தகைய கணினியில் பெருந்தொகை போடுவதைவிட, பணத்தைச் சேர்த்துவைத்துப் பின்னர் முழுமையாக மாற்றுவதே மேல்.

கூடுதலாகத் தேவைப்படும் தொகைக்குப் பலர் நாடுவது 'வட்டியில்லாத் தவணை'. 30,000 ரூபாயை ஆண்டுக்கு 15 விழுக்காட்டு வட்டியில் 12 தவணைகளாகச் செலுத்தினால் வட்டி ஏறத்தாழ 2,490 ரூபாய். வட்டியில்லாத் திட்டத்தில் அத்தொகையை விற்பனையாளர் தள்ளுபடியாகத் தருகிறார். ஆனால் கிரெடிட் கார்டுத் தவணை வட்டியின் மீதான 18 விழுக்காட்டு ஜி.எஸ்.டி., அதாவது சுமார் 450 ரூபாய், உங்கள் கணக்கில்தான் வரும். செயலாக்கக் கட்டணமும் அதன் வரியும் இருந்தால் அவை வேறு. ரொக்க விலையில் கிடைத்திருக்கக்கூடிய தள்ளுபடியையும் இழக்கிறீர்கள். மாறாக, மாதம் 2,500 ரூபாயைத் தொடர் வைப்பில் ஓராண்டு செலுத்தினால், வட்டி 6 விழுக்காடு என்று கொண்டாலும், 30,000 ரூபாயுடன் ஆயிரத்தை ஒட்டிய தொகை சேர்ந்து வரும். வங்கியாளர் இப்படித்தான் சொல்வார் என்று நினைக்கலாம். கடன் கொடுப்பதும் வங்கியாளர் வேலைதான் என்பதை நினைவூட்டுகிறோம்.

டெல்லி நேரு பிளேஸ், மும்பை லேமிங்டன் சாலை, பெங்களூரு எஸ்.பி. சாலை, சென்னை ரிச்சி தெரு என எங்கு வாங்கினாலும், 'பில் வேண்டாமென்றால் விலை குறைப்போம்' என்னும் பேச்சு காதில் விழக்கூடும். குறைவது வரி மட்டுமன்று. மூன்றாண்டு உத்தரவாதமும் அதனுடன் போய்விடக்கூடும். பாகத்தின் வரிசை எண் பில்லில் எழுதப்பட்டிருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

இறுதியாக, கழற்றிய பழைய பாகங்கள். கார்டையும் ராமையும் விற்றுவிடலாம். ஹார்டு டிஸ்க் அப்படியன்று. அதில் உங்கள் இணைய வங்கிக் கடவுச்சொற்கள், ஆதார், பான் நகல்கள், வருமானவரிப் படிவங்கள் தங்கியிருக்கலாம். கோப்புகளை அழிப்பதாலோ விரைவு ஃபார்மேட் செய்வதாலோ அவை முற்றிலும் மறைவதில்லை; மீட்டெடுக்கும் மென்பொருள்கள் எளிதில் கிடைக்கின்றன. அதற்குக் கிடைக்கும் சில நூறு ரூபாய்க்காக அதைக் கைமாற்ற வேண்டாம். எஸ்.எஸ்.டி.க்குத் துணையாக, படங்களும் பாடல்களும் வைக்கும் இரண்டாம் சேமிப்பகமாக, அதே கணினியிலேயே இருக்கட்டும்.