காய்ச்சலுக்குப் பின் சிவக்கும் கண்

சிவகாசி, சாத்தூர் வட்டாரங்களில் ஒருவருக்குக் கண் சிவந்தால், கந்தகமோ அலுமினியத் தூளோ பட்டிருக்கும் என்று எண்ணுவது இயல்பே. ஆனால் தூசு ஏதும் படாமலே, தேகத்தில் வேறிடத்தில் புகுந்த கிருமியினால் கண் பழுதுறுவதும் உண்டு. பட்டாசுச் சாலைக்குச் செல்வோரில் வயலிலும் மாட்டுத் தொழுவத்திலும் பாடுபடுவோர் உளராதலால், இவ்விரண்டையும் பிரித்தறிதல் அவசியமாகும்.

இதற்குச் சான்று அண்டையிலுள்ள மதுரையிலேயே கிடைத்தது. 1993-ம் வருஷக் கடைசியில் பெருமழை பெய்து வெள்ளம் பெருகிற்று. அதனை அடுத்து 1994-ல் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில் கண்ணின் உட்படலம் வீங்கிய நோயாளிகள் வழக்கத்திற்கு மாறாக அதிகம் காணப்பட்டனர். ஆராய்ந்ததில் காரணம் எலிக்காய்ச்சல் என்று புலனாயிற்று. இவர்களில் 73 பேரைப் பற்றிய விவரம் 1997-ல் பிரசுரமாயிற்று. பெரும்பாலோர் வாலிப வயதினரான ஆண்கள்.

எலி, மாடு, பன்றி முதலியவற்றின் சிறுநீரில் வெளிப்படும் சுருள் வடிவக் கிருமியே இந்நோய்க்கு வித்து. தேங்கிய நீரிலும் சேற்றிலும் அது பல நாள் உயிரோடிருக்கும். காலிலுள்ள சிறு வெடிப்பு, சிராய்ப்பு வழியே உட்புகும். கடுங்காய்ச்சல், கெண்டைக்கால் வலி, சிலருக்குக் காமாலை ஆகியவை காணும். காய்ச்சல் தணிந்தவுடன் நோய் நீங்கிற்றென்று யாவரும் மறந்துவிடுகின்றனர். கிருமியோ இரத்தத்தின் வழியே கண்ணையும் எட்டியிருக்கும். வாரங்கள், சில சமயம் மாதங்கள் கழிந்தபின், அக்கிருமியை எதிர்க்கும் தேகசக்தியின் கிளர்ச்சியும் சேர்ந்து கண்ணுக்குள் அழற்சி மூளுகிறது.

அப்போது கண் சிவந்து வலிக்கும், வெளிச்சம் பார்க்கக் கூசும், பார்வை மங்கும், எதிரே கரும்புள்ளிகள் மிதக்கும். சாதாரணக் கண்நோயில் போலப் பீளை கட்டுவதில்லை. இவ்வேற்றுமை கவனிக்கத்தக்கது. கருவிழியின் அடியில் வெண்சீழ் படிவதும், சிலருக்குப் புரை விழுவதும் உண்டு.

மருந்துக் கடையில் ஏதோ ஒரு சொட்டு மருந்தை வாங்கி விட்டுக்கொள்வது இங்கே ஆபத்தானது. அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்தே இதற்கு உரியதாயினும், கருவிழியில் கிருமிப்புண் உள்ளவருக்கு அது பெருங்கேடு செய்யும். நீடித்து விட்டால் கண்ணின் அழுத்தம் ஏறும். கண்மணியை விரிக்கும் சொட்டும் உடன் வேண்டும். இன்றேல் திரை பின்னுள்ள வில்லையோடு ஒட்டிக்கொள்ளும். தக்க சிகிச்சை பெற்றவர்களுக்குப் பெரும்பாலும் பார்வை நன்கு திரும்புகிறது. காய்ச்சல் காலத்திலேயே வைத்தியரிடம் சென்றால் டாக்ஸிசைக்ளின், பெனிசிலின் போன்ற மருந்துகளால் கிருமியை ஒழிக்கலாம்.

க்ஷயமும் மேகநோயும் இவ்வாறே கண்ணைத் தாக்கக்கூடியவை. நீரிழிவுள்ளவருக்கு ஈரலில் சீழ்க்கட்டி உண்டாகி, அதன் கிருமி கண்ணில் தங்கினால், சில நாட்களிலேயே பார்வை போய்விடக்கூடும். அதற்கு ஒரு பகல் தாமதமும் கூடாது.

ஆகவே கண் வைத்தியரிடம் செல்பவர், கண்ணைக் காட்டுவதோடு, சென்ற ஆறு மாதத்தில் வந்த காய்ச்சலையும், வெறுங்காலோடு நீரில் இறங்கிய வேலையையும் அவர் கேளாவிடினும் சொல்லவேண்டும்.