காசநோய் என்றாலே காலனிதானா?

காசநோய்க்கும் நம் குடியிருப்புகளுக்கும் உள்ள உறவு ஊரறிந்தது. ஒற்றை அறைத் தொகுப்பு வீடு, அதற்குள் ஆறேழு பேர், விறகடுப்புப் புகை, அரை வயிற்றுக் கஞ்சி. இவை இருக்கும் இடத்தில் காசநோயும் இருக்கும். ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் குடும்பத்தாருக்கு மாதந்தோறும் உணவுப் பொருள் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த வீடுகளில் புதிதாக நோய் வருவது 39 முதல் 48 சதவீதம் வரை குறைந்தது என்று 2023இல் முடிவு வெளியானது. சென்னையிலுள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் பங்கேற்ற ஆய்வு அது. நோயின் வேர் வறுமையில் இருக்கிறது என்று நாம் காலம் காலமாகச் சொல்லிவந்ததற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆனால், இந்த உண்மையே நம் குழந்தைகளில் சிலருக்கு எமனாகவும் வந்து நிற்கிறது. காலனிக் குழந்தைக்குக் காசநோய் என்றதும் பலருக்கு அடுத்த கேள்வியே எழுவதில்லை. ஆறு மாதம் மாத்திரை கொடுத்தும் கட்டி அடங்கவில்லை என்று மறுபடி போய் நின்றால், "மாத்திரையை ஒழுங்கா குடுத்தியா? வீட்டைச் சுத்தமா வெச்சிருக்கியா?" என்று தாயை ஒருமையில் விசாரிக்கிறார்கள். அரசு மருத்துவமனை வரிசைகளில் இந்த வசனத்தை நாம் கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டோம். குற்றவாளி கிடைத்துவிட்டதால், நோயின் காரணத்தைத் தேடுவார் இல்லை.

தேட வேண்டிய காரணம் ஒன்று இருக்கிறது. காசநோய்க் கிருமியை நம் உடலின் விழுங்கணுக்கள் பிடித்து விழுங்கும். விழுங்கியதும் கிருமி செத்துவிடாது. உள்ளேயே உயிரோடு உட்கார்ந்திருக்கும். அப்போது அந்த அணு 'இன்டர்லூகின் 12' என்ற பொருளைச் சுரந்து வேறு வெள்ளை அணுக்களுக்குத் தகவல் சொல்லும். அவை பதிலுக்கு 'இன்டர்ஃபெரான் காமா'வை அனுப்பும். அது வந்து சேர்ந்த பிறகே விழுங்கணுவுக்குக் கிருமியைக் கொல்லும் வலு முழுமையாகக் கிடைக்கிறது. மிகச் சில குழந்தைகளுக்கு இந்தப் பேச்சுவார்த்தையில் ஏதோ ஓரிடம் பிறவியிலேயே அறுந்திருக்கும். சொல்ல வாய் இருக்காது, அல்லது கேட்கக் காது இருக்காது. மற்றவர்களுக்குத் தீங்கே செய்யாத மண்ணிலும் நீரிலும் உள்ள கிருமிகள்கூட இவர்களை வீழ்த்திவிடும்.

இதற்கான மரபணுப் பிழை முதன்முதலில் 1996இல் கண்டறியப்பட்டது. மால்டா தீவில் ஒரே ஊரைச் சேர்ந்த சில குழந்தைகளிடமும், துனிசியாவில் பி.சி.ஜி. கிருமி உடலெங்கும் பரவி இறந்த ஒரு குழந்தையிடமும் அதைக் கண்டார்கள். அங்கெல்லாம் சேரி இல்லை, காலனி இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இன்று இருபதுக்கும் மேற்பட்ட மரபணுக்களில் இத்தகைய பிழைகள் தெரிய வந்துள்ளன.

பி.சி.ஜி. பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். பிறந்ததும் இடது தோளில் போடும் அந்த ஊசியில் இருப்பது வலுவிழந்த, ஆனால் உயிருள்ள கிருமி. மூளைக் காசநோயிலிருந்து பச்சிளங்குழந்தைகளைக் காப்பது அதுதான். ஆகவே, இதைப் படித்துவிட்டு யாரும் ஊசி வேண்டாம் என்று சொல்லிவிடக் கூடாது. ஊசி போட்ட இடம் சில வாரத்தில் சிறிதாகப் பழுத்துத் தழும்பாவது இயல்பு. அக்குளில் சிறு நெறி கட்டுவதும் பெரும்பாலும் தானே அடங்கிவிடும். ஆனால் நெறி பெருத்து, உடைந்து, சீழ் வடிந்துகொண்டே இருந்தால்? கழுத்துக்கும் எலும்புக்கும் பரவினால்? காய்ச்சல் விடாமல் குழந்தை இளைத்துக்கொண்டே போனால்? அப்போது எதிர்ப்பு சக்தியில் பிறவிக் குறை உண்டா என்று பார்த்தே ஆக வேண்டும்.

இன்னொன்று, காசநோய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் மருந்துகளில் ஒன்றான பைராசினமைடு, பி.சி.ஜி. கிருமியிடம் வேலையே செய்யாது. எந்தக் கிருமி என்று பார்க்காமல் தாயைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

'பரம்பரைக் குறை' என்ற சொல்லைக் கேட்டதும் நமக்குச் சுருக்கென்கிறது. பிறப்பை வைத்தே இழிவு செய்யப்பட்டவர்களுக்கு அப்படித்தான் இருக்கும். இந்தப் பிழை சாதி பார்த்து வருவதில்லை. இவ்வகைக் குறைகள் பலவற்றில் தாய், தந்தை இருவருமே நலமாக இருப்பார்கள். இருவரிடமிருந்தும் பிழையான பிரதி வந்து சேர்ந்தால் மட்டுமே குழந்தைக்கு நோய். ஒவ்வொரு பேறிலும் நான்கில் ஒரு வாய்ப்பு. தாய்மாமன், அத்தை மகன் என்று சொந்தத்திலேயே கட்டிக்கொள்ளும்போது அந்த வாய்ப்புக்கு இடம் கூடுகிறது. ஊரிலும் சேரியிலும் இந்தப் பழக்கம் உண்டு. நிலம் கைவிட்டுப் போகாமலிருக்க அவர்கள் கட்டிக்கொண்டார்கள் என்பார்கள். நிலமே இல்லாத நாம் எதைக் காப்பாற்ற முறை பார்க்கிறோம் என்று தெரியவில்லை.

வைத்தியம் இல்லாமல் இல்லை. சிலருக்கு நீண்ட கால மருந்தோடு இன்டர்ஃபெரான் காமா ஊசி போதும். கடும் குறை என்றால் எலும்பு மஜ்ஜை மாற்று. மும்பையில் உள்ள ஐ.சி.எம்.ஆர். நிறுவனம் ஒன்று இந்தக் குறைகளுக்கான ரத்தப் பரிசோதனைகளைச் செய்கிறது. 2021இன் தேசிய அரிய நோய்க் கொள்கை, மஜ்ஜை மாற்றால் குணமாகும் சில எதிர்ப்பு சக்திக் குறைகளைப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அதன்படி, தேர்ந்தெடுக்கப்பட்ட மருத்துவமனைகள் மூலம் 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. கூலிக்குப் போகும் ஒரு தாய் இவற்றை எங்கே போய் அறிவார்? ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருவர் சந்தேகப்பட்டு எழுதிக் கொடுத்தால்தான் அந்தக் கதவே தெரியும். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலேயே முதல்கட்டப் பரிசோதனையும், மாதிரியை அனுப்பும் ஏற்பாடும் வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும்.

அதுவரை உடனே செய்யக்கூடியது ஒன்று. முந்தைய குழந்தை பி.சி.ஜி. ஊசிக்குப் பின் சீழ்க்கட்டியோடு நோயுற்றோ, சிறு வயதில் காரணம் தெரியாத தொற்றிலோ இறந்திருந்தால், அடுத்த பிரசவத்துக்கு முன்பே கிராம சுகாதார செவிலியரிடமும் மருத்துவரிடமும் சொல்லித் தாய்சேய் நல அட்டையில் எழுத வைக்க வேண்டும். பிறக்கும் குழந்தைக்கு ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை அந்த ஒரு ஊசியை மட்டும் தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்கலாம்.