ஓரெழுத்தும் இருமடங்குப் பணமும்

அச்சாரம் வேறு, முன்பணம் வேறு என்பதை நம் அங்கத்தினர் நன்கறிவர். சீன மொழியில் இவ்விரண்டும் ஒலியால் ஒன்றே, இரண்டும் "திங்ஜின்". எழுதும்போது முதலெழுத்து மட்டுமே வேறுபடும்.

சீனத்திலிருந்து பட்டு நூல் தருவிக்க ஒருவர் பத்தாயிரம் யுவான் அச்சாரம் செலுத்தினார் எனக் கொள்வோம். சீனச் சட்டமே செல்லும் என்பது ஒப்பந்தம். நூல் வரவேயில்லை, வழக்கு சிங்கப்பூர் நீதிமன்றத்தை அடைகிறது. 2021 ஜனவரி 1 முதல் அமலிலுள்ள சீனக் குடிமைச் சட்டத்தின் 587-ஆம் பிரிவுப்படி, அச்சாரம் பெற்றவர் ஒப்பந்தத்தின் நோக்கமே கெடும்படி தவறினால் இருமடங்காகத் திருப்பித் தரவேண்டும். கொடுத்தவர் அவ்வாறு தவறினால் அதை இழப்பார். ஒப்பந்தத் தொகையில் 20 சதவீதத்துக்கு மேற்பட்ட பகுதிக்கு இவ்விதி இல்லை. வெறும் முன்பணத்துக்கோ இது அறவே பொருந்தாது. மொழிபெயர்ப்பாளர் "முன்பணம்" என்று எழுதிவிட்டால், இருபதாயிரம் கேட்க வேண்டியவர் பத்தாயிரத்துக்கே வாதாட நேரும்.

அந்நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம். பிறமொழிப் பத்திரத்துடன் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் சான்றளித்த மொழிபெயர்ப்போ, தகுதியுடைய ஒருவர் பிரமாண வாக்குமூலத்தால் உறுதி செய்த மொழிபெயர்ப்போ இருத்தல் வேண்டும். இச்சான்று மொழிபெயர்ப்பு சரியென்பதற்கே. பத்திரம் மெய்யானது என்பதற்கன்று. பலர் இங்கேதான் ஏமாறுகின்றனர்.

கம்பெனியின் சிவப்பு முத்திரையிலுள்ள சொற்களையும் விடாது பெயர்க்கவேண்டும். சீனத்தில் கையொப்பத்துக்கு நிகரான மதிப்பு அதற்குண்டு. தொகைகளிலும் கவனம் வேண்டும். சீனர் "ஒன்று" என்பதை ஒரே கோடாக எழுதுவர். இன்னொரு கோடிட்டால் இரண்டாகிவிடும்! ஆகவே பணப் பத்திரங்களில், எளிதில் திருத்தவியலாத சிக்கலான எண்ணெழுத்துக்களையே கையாளுகின்றனர்.